வாயுவின் செல்சியஸ் வெப்பநிலை இரட்டித்தால் அழுத்தம் ஏன் இரட்டிப்பதில்லை?

கேள்வி: மூடிய கலனிலுள்ள வாயுவை 20 டிகிரி செல்சியசிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கினால், அழுத்தம் ஏன் இருமடங்காவதில்லை?

பதில் 1: செல்சியசின் சுழியம் நீரின் உறைநிலையைக் கொண்டு வகுக்கப்பட்டதே தவிர, மூலக்கூறுகளின் இயக்க ஆற்றலைக் கொண்டு அன்று. அந்த ஆற்றலுக்கு நேர்விகிதமான கெல்வின் அளவில் வெப்பநிலை 293 இலிருந்து 313 ஆகிறது. ஆகவே, பருமன் மாறாதிருக்கும்போது அழுத்தம் ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே உயரும். 586 கெல்வினில்தான், அதாவது 313 டிகிரி செல்சியசில்தான், அது இருமடங்காகும்.

பதில் 2: மேற்கண்ட விளக்கம் சரியே. ஆனால் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன்: சாதாரண அழுத்தமானி வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட பகுதியை மட்டுமே காட்டுவதால், வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டிய பின்னரே கணக்கிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. மூடிய கலனுக்குப் பதிலாகத் தடையின்றி நகரும் உந்துதண்டு (பிஸ்டன்) கொண்ட கலன் இருந்தால்?

பதில் 1: அப்போது அழுத்தம் மாறாது, பருமனே அதே 7 விழுக்காடு பெருகும்.