கிறைஸ்ட்சர்ச்: இடிந்த ஊருக்குக் கலை எதற்கு?

ஈரமண்:
நிலநடுக்கத்துக்குப் பிறகு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரைத் தூக்கி நிறுத்தியது கலைதான் என்று ஒரு நண்பர் நேற்று இங்கே எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2011 பிப்ரவரி 22 அன்று நான் அந்த நகரின் கிழக்குப் பக்கம் குடியிருந்தேன். நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்துபோனார்கள். எங்கள் முற்றத்தில் மண் குழம்பாகிப் பொங்கி, சாம்பல் நிறச் சேறாக நின்றது. கழிவுநீர்க் குழாய் உடைந்ததால் தெருவோரத் தற்காலிகக் கழிப்பறைக்குத்தான் போனோம். அந்தச் சேற்றை அள்ளியவர்கள் மண்வெட்டியோடு வந்த மாணவர்கள். ஊரைத் தூக்கி நிறுத்தியவர்கள் என்றால் அவர்களைச் சொல்லுங்கள்.

வெள்ளாம்பல்:
அண்ணா, மாணவர்களைப் பற்றிச் சொன்னதில் மறுபேச்சே இல்லை. ஆனால் சேற்றை அள்ளி முடித்த பிறகும் மாதக்கணக்கில் ஒரு காலம் இருந்ததே? நகர நடுப்பகுதிக்குப் போட்ட வேலியை முழுதாக எடுக்க 2013 ஜூன் ஆகிவிட்டது. போக இடமில்லை.

2012இல் ‘கேப் ஃபில்லர்’ குழுவினர் காலி மனையில் ஒரு நடனத் தளம் போட்டார்கள். சலவைக்கடையில் இருக்குமே, காசு போட்டால் ஓடும் துவைக்கும் இயந்திரம், அதுதான் பாட்டுப்பெட்டி. 2 டாலர் நாணயத்தைப் போட்டு நம் ஃபோனைச் செருகினால் சுற்றியிருக்கும் ஒலிபெருக்கிகளில் நம் பாட்டு வரும். என் மகள் நடுக்கம் வந்த நாளிலிருந்து மேசைக்கு அடியில்தான் படுப்பாள். அந்தத் தளத்தில் அவள் தாம்தூம் என்று குதித்தாள். அன்று இரவும் மேசைக்கு அடியில்தான் படுத்தாள், அது வேறு. ஆனால் கொஞ்ச நேரமாவது தரையைப் பயமில்லாமல் மிதித்தாள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஈரமண்:
குழந்தை ஆடியதில் எனக்கும் சந்தோஷம்தான் அம்மா. என் கோபம் வேறு. 2015 டிசம்பரில் நகரக் கலைக்கூடம் மறுபடி திறந்தபோது, மார்ட்டின் கிரீட் என்ற கலைஞர் செய்த 46 மீட்டர் நீள நியான் வாசகம் அதன் சுவரில் மின்னியது. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பது அதன் பொருள். அப்போது என் வீட்டுக் காப்பீட்டு விவகாரம் ஐந்து வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எண்ணாயிரத்துக்கும் அதிகமான வீட்டு மனைகளைக் குடியிருக்கத் தகாத ‘சிவப்பு மண்டலம்’ என்று ஒதுக்கிக் குடும்பங்களைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். யாருக்கு எல்லாம் சரியாகிவிடும்? அதைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் போவது எவ்வளவு கசப்பு தெரியுமா?

இரவுப்பணி:
நியான் விஷயத்தில் நான் ஈரமண் பக்கம். பொதுவாகக் கலையைப் பற்றியென்றால், இல்லை. உங்கள் காப்பீட்டுப் பணத்தைக் கலைஞர்கள் எடுத்துக்கொள்ளவில்லையே! அவர்களும் வேலையும் மேடையும் இழந்தவர்கள்தான். கோர்ட் தியேட்டர் நாடகக் குழுவின் அரங்கு சேதமானது. 2011 முடிவதற்குள் ஆடிங்டன் என்ற புறநகரில் ஒரு பழைய தானியக் கொட்டகையில் நாடகம் போட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சரக்குப் பலகைகளை அடுக்கித் தன்னார்வலர்கள் ஓர் அரங்கே கட்டினார்கள். இதில் எது வீடு கட்டும் பணத்தைத் தின்றது? அப்புறம், அந்தக் கலைக்கூடமே நடுக்கத்துக்குப் பின் மீட்புப் பணிகளின் தலைமையகமாக இருந்தது. அதையும் கணக்கில் எடுங்கள்.

ஈரமண்:
சரி, பணத்தைத் தின்றது என்று நான் சொன்னால் தவறு. என் குறை இது: படம் பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் நகர நடுவில் ஓவியம் தீட்டிய சுவர்களைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். கிழக்கே எட்டிப் பார்க்கவில்லை. ஊர் மீண்டுவிட்டது என்ற பேச்சு அந்தப் படங்களிலிருந்து கிளம்பியதுதான்.

வெள்ளாம்பல்:
அதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. இறந்தவர்களின் நினைவாக வைத்த வெள்ளை நாற்காலிகளைப் பார்த்தீர்களா?

ஈரமண்:
பார்த்தேன். 185 நாற்காலிகள், எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சாயம், ஒன்று போல் ஒன்று இல்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி, சக்கர நாற்காலி, கைக்குழந்தையைக் காரில் வைக்கும் இருக்கை. அந்தக் குழந்தை இருக்கைக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். அதை நான் எதிர்க்கவில்லை. அது யாரிடமும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.