பத்தே ஆட்டம் ஆடிய கோர்டன் ஹாமில்டன்: டார்ட் ரயிலில் கேட்ட கதை

டப்ளினில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், காலையில் டார்ட் ரயிலில் என்னோடு ஒரு பெரியவர் வருவார். எங்கள் ஸ்டோர் ரூமில் வேலை பார்த்தவர். வண்டி லான்ஸ்டவுன் ரோட்டில் நின்றால் பேச்சு நின்றுவிடும், ஸ்டேடியத்தையே பார்ப்பார். ஒருநாள் ஏன் என்று கேட்டுவிட்டேன்.

1991 அக்டோபர் 20. உலகக் கோப்பை ரக்பி காலிறுதி, அயர்லாந்துக்கு எதிரே ஆஸ்திரேலியா. இப்போதைய அவீவா ஸ்டேடியம் கட்டுவதற்கு முன்பு அங்கிருந்த பழைய மைதானம். ஆட்டம் முடிய சில நிமிஷங்கள்தான் இருந்தன, அயர்லாந்து 12-15 என்று பின்தங்கியிருந்தது. சக வீரர் ஜாக் கிளார்க் பந்தைக் கொடுக்க, அயர்லாந்தின் கோர்டன் ஹாமில்டன் வாங்கிக்கொண்டு ஓடினார். அவர் பிளாங்கர், இரண்டு அணியும் கோத்துக்கொண்டு தள்ளுகிற ஸ்க்ரமில் தோள் கொடுத்து முட்டுகிற ஆள், ஓடிப் பேர் வாங்குகிற ஆள் இல்லை. துரத்தி வந்தவர்களுக்குப் பிடிகொடுக்காமல் மூலையில் போய் விழுந்தார். ட்ரை! எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை. அப்போது ட்ரைக்கு 4 புள்ளிதான்.

இதைச் சொல்லும்போது பெரியவர் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். ஓட்டம் வேகமெடுக்க எடுக்கப் பிடியும் இறுகியது. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததாம், இவரும்தான். திரும்பி வரும்போது முழங்கால்வரை சேறு. அப்புறம் ட்ரைக்குப் பின் கிடைக்கிற 2 புள்ளி உதையான கன்வர்ஷனை ரால்ஃப் கீஸ் ஓரத்திலிருந்து உதைத்தார், அதுவும் உள்ளே போனது. 18-15.

அதற்கப்புறம் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் லைனா கடைசி நேரத்தில் ஒரு ட்ரை போட்டார். ஆஸ்திரேலியா 19-18 என்று ஜெயித்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஆஸ்திரேலியர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டது தனியாகக் கேட்டது என்றார். அவர்கள்தான் கடைசியில் கோப்பையையும் தூக்கினார்கள்.

ஹாமில்டன் அயர்லாந்துக்காக ஆடியது மொத்தம் 10 ஆட்டம், 1991, 92 இரண்டே வருஷம். இன்னும் நிறைய ஆடியிருக்க வேண்டியவர் என்று எனக்கு உண்மையாகவே ஆதங்கம் உண்டு. நூறு ஆட்டம் ஆடியவர்களைக்கூட இப்படி யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதில்லை.

அன்று இரவே வீடியோவைத் தேடி எடுத்தேன். மறுநாள் ரயிலில் போனை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். உள்ளே ஓடி வருகிறவர்களில் தன்னைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் கண் ஹாமில்டனை விட்டு நகரவில்லை. கீஸ் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனதும் விரலால் தட்டி வீடியோவை நிறுத்தினார். போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.