மறுமொழி: பல்லியின் மலேரியாவும் ‘டாலரன்ஸ்’ என்ற சொல்லும்

அன்புடையீர், வணக்கம்.

ஊர்வனவற்றின் நோயெதிர்ப்பு பற்றிய கட்டுரையில் ‘டாலரன்ஸ்’ (tolerance: ஒட்டுண்ணி உடலில் இருந்தும் நலம் அதிகம் குன்றாமல் வாழ்வது) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘சகிப்புத்தன்மை’ போதும் என்று கட்டுரையாசிரியர் ஐயா எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. உடல் தன் சொந்தத் திசுக்களைத் தாக்காமல் விட்டுவைக்கிறதே, அதற்குச் ‘சகிப்பு’ பொருந்தும். ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டு வாழ்வது வேறு சங்கதி.

வட கலிஃபோர்னியாவின் வேலிப் பல்லியையே எடுத்துக்கொள்வோம். பிளாஸ்மோடியம் மெக்சிகானம் என்ற மலேரியா ஒட்டுண்ணி அதன் சிவப்பணுக்களில் குடியேறுகிறது. பரப்புபவை மணல் ஈக்கள். நோயெதிர்ப்பு அணுக்கள் கூடிச் செயல்படும் நிணநீர்க் கணுக்கள், பாலூட்டிகளுக்கு இருப்பதுபோல் ஊர்வனவற்றுக்கு இல்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதமான எதிர்ப்பொருள் மெதுவாகவே உருவாகும். உடல் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். பல்லியைப் பிடித்த தொற்று பெரும்பாலும் அதன் ஆயுள் முழுக்க நீடிக்கிறது. அங்குள்ள ஹோப்லண்ட் பகுதியில் உயிரியலாளர் ஜோஸ் ஷால் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகள் இதன் விலையைக் காட்டின. நோயுற்ற பல்லிக்கு ஹீமோகுளோபின் குறைகிறது, ஓடினால் விரைவில் களைத்துவிடுகிறது, பெண் பல்லி குறைவான முட்டைகளே இடுகிறது. அப்படியும் அது வெயில் காய்கிறது, இரை பிடிக்கிறது, இணை சேர்கிறது. எத்தனை உறுதியான உயிர்!

‘சகிப்பு’ என்றால் இந்த இழப்பு முழுவதும் மறைந்துபோகும். உடலில் உள்ள ஒட்டுண்ணிகளின் அளவை ‘ஒட்டுண்ணிச் சுமை’ என்று நாம் ஏற்கெனவே எழுதுகிறோம். அந்தச் சுமையைக் குறைப்பது எதிர்ப்பு. குறையாத சுமையோடு உடல்நலம் எவ்வளவு குன்றாமல் இருக்கிறது என்பதுதான் இங்கே அளக்கப்படுவது. சுமைக்கு உரிய வினை தாங்குதல். வேளாண்மைத் துறையினர் ‘வறட்சியைத் தாங்கி வளரும் பயிர்’ என்று எழுதுவதும் இதே பொருளில்தான்.

‘தாங்குதிறன்’ என்றே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். ஒரு வாழிடம் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்ற பொருளில் சூழலியலில் அது வழங்குகிறது. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் மாணவர் குழம்புவார்.

ஆகவே ‘நோய்தாங்குமை’ என்பதை முன்வைக்கிறேன். ஆளுமை, இயலுமை போன்ற அமைப்புதான். எதிர்ப்பு, தாங்குமை என்று இணையாகவும் நிற்கும். பெயரடையாக ‘நோய்தாங்கும் பல்லி’ என்று எழுதலாம். ‘நோய்தாங்கி’ மட்டும் வேண்டாம். நோயைப் பிறருக்குக் கடத்தும் உயிரி என்று அதைப் படித்துவிட இடமுண்டு.