வழக்கறிஞர் நேசமணி தேர்தல் களத்துக்கு வந்த வழி

தக்கலை இளம் வழக்கறிஞர்:
நான் மரபில் பற்றுள்ளவன். சட்டமன்றத் தேர்தலில் நிற்கும்படி ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். மார்ஷல் நேசமணி தொழிலிலிருந்து அரசியலுக்கு எவ்வாறு வந்தார் என்பதையும், வென்றால் நான் வழக்காடுவதை நிறுத்த வேண்டுமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மார்த்தாண்டம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, 1895இல் பள்ளியாடியில் பிறந்த அவர், நாகர்கோவில் நீதிமன்றத்தில் பல்லாண்டுகள் வழக்காடிப் பெயர் பெற்ற பின்னரே தேர்தலுக்கு வந்தார். சாதி பார்த்துச் சிலருக்கு நாற்காலியும் சிலருக்கு முக்காலியும் போட்டிருந்த அந்த மன்றத்தில், முதல் நாளே முக்காலியை அவர் காலால் உதைத்துத் தள்ளினார் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அவருடைய அரசியல் அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன். முதல் பொதுத்தேர்தலில், திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சியின் சார்பில் நாகர்கோவிலில் வென்று மக்களவைக்குச் சென்றார். அந்தப் போராட்டத்தின் பயனாகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தன. 1962, 1967 தேர்தல்களில் காங்கிரஸ் வேட்பாளராக வென்ற அவர், 1968இல் உறுப்பினராக இருக்கும்போதே மறைந்தார்.

குழித்துறை வழக்கறிஞர்:
சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழக்காடத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. ஆனாலும், வேட்புமனுவுக்கு முன்பே நிலுவை வழக்குகளை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படையுங்கள். பாகப்பிரிவினை வழக்குக்காக மஞ்சள் பையில் பத்திரங்களோடு வாய்தாதோறும் வந்து நிற்கும் மூதாட்டியின் அலைச்சலுக்கு உங்கள் பிரசாரம் காரணமாக இருக்கக் கூடாது.