ஏழு வருட கேமிங் கணினி: அப்கிரேடா, புதிதா?

தறிவீட்டுத்தம்பி (கொண்டலாம்பட்டி):

வணக்கம் அண்ணன்களே. 2018 தீபாவளி போனஸில் அப்பா வாங்கிக் கொடுத்த கணினி இது. ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். இத்தனை வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. இப்போது வாலரண்ட் கேம் ஆடினால்கூட அரை மணி நேரத்தில் திக்கித் திக்கி ஓடுகிறது, சைபர்பங்க் 2077-இல் வண்டி ஓட்டினால் எதிரே ரோடு வரவே நேரமாகிறது, போன வாரம் இரண்டு தடவை தானாகவே ஆஃப் ஆகிவிட்டது. இதற்கு நடுவில் விண்டோஸ் 10 ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, 11 போடலாம் என்று பார்த்தால் இந்த பிராசசருக்கு ஆகாது என்கிறது.

டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, "பழைய மாடல் தம்பி, இதில் இனி எதுவும் சேர்க்க முடியாது" என்று சொல்லி 85 ஆயிரத்துக்குப் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டார். என்னிடம் இருப்பது 30 ஆயிரம். தங்கச்சியின் காலேஜ் வேலையும் இதில்தான் நடக்கிறது, அதனால் பிரித்துப் போட்டு நாள் கணக்கில் நிறுத்தவும் முடியாது. என்ன செய்யலாம்?

காப்பித்தோட்டம் (ஏற்காடு):

தம்பி, வீட்டுக்குள்ளேயே தறி ஓடுகிறதா? அப்படியென்றால் காசை எடுப்பதற்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். அம்மாப்பேட்டையில் மாமா வீட்டுக் கணினி இப்படித்தான் அடிக்கடி ஆஃப் ஆனது. விசிறி நன்றாகச் சுற்றியது, ஆனால் அதைக் கழற்றிப் பார்த்தால் அடியில் கூலர் தகடுகளுக்கு நடுவே பஞ்சு கம்பளி மாதிரி அடைத்திருந்தது. நூலில் போடும் கஞ்சியும் அந்தத் தூசியில் சேர்ந்துகொள்வதால் ஊதினால் போகாது, காய்ந்த பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாகப் போடுங்கள். கூலரை எடுக்கும்போது மட்டும் ரொம்பக் கவனம். ஏழு வருடப் பேஸ்ட் இறுகியிருக்கும், நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து சாக்கெட்டை விட்டு வந்து அதன் அடியில் உள்ள பின்கள் வளைந்துவிடும். பத்து நிமிடம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கிவிட்டு, ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, மெதுவாக இடமும் வலமும் திருகி எடுங்கள். செய்துவிட்டு முன்னால் எவ்வளவு சூடு, பின்னால் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள்.

அஞ்சுரோட்டுக்காரன்:

கடைக்காரர் சொன்னது தப்பு. உங்கள் போர்டில் பிராசசர் உட்காரும் இடம் ஏஎம்4 சாக்கெட். அதே சாக்கெட்டில் 2022-இல் வந்த ரைசன் 5 5600 உட்காரும், பி350 போர்டுகளுக்கும் அந்த வருடமே ரைசன் கம்பெனியான ஏஎம்டி வழி விட்டது, புது பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டால் போதும். 1600-ம் 65 வாட், 5600-ம் 65 வாட், ராமும் இதே டிடிஆர்4. ராம் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் கையில் உள்ள 16 ஜிபியைத் தூக்கிப் போட்டுவிட்டு டிடிஆர்5-க்குப் போகச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. 5600-ஐ விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும், பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்ய வேண்டும்.

ரோடு தாமதமாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். சைபர்பங்குக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) வேண்டும் என்று 2023-லேயே அறிவித்துவிட்டார்கள். அதனால் என் வரிசை: எஸ்எஸ்டி, பிராசசர், கார்டு கடைசி.

மேட்டூர்வாசி:

எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016-இல். அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். பிராசசர் மாற்றியபின் அடுத்து கார்டு, பிறகு பவர் சப்ளை என்று போனால் முக்கால்வாசிப் புதுக் கணினியின் காசு பழைய போர்டில் போய் உட்கார்ந்துவிடும். புதிதாக வரும் பெரிய கேம்கள்தான் வேண்டுமென்றால் ஒரு வருடம் பொறுத்துச் சேர்த்து மொத்தமாக மாறுவதே மேல். வாலரண்டும் பழைய கேம்களும் போதுமென்றால் அஞ்சுரோட்டு அண்ணன் சொல்வதுதான் சரி.

ஒன்று மட்டும் சொல்கிறேன், அந்த பவர் சப்ளை பேர் தெரியாத கம்பெனி என்றால் முதலில் அதை மாற்றுங்கள். தறி மோட்டார் போடும்போதெல்லாம் விளக்கு மங்கும் லைனில் ஏழு வருடம் உழைத்திருக்கிறது, அது போனால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோகும். நல்ல 550 வாட் வாங்கினால் பின்னால் புதுக் கணினிக்கும் ஆகும், காசு வீணில்லை.

தறிவீட்டுத்தம்பி:

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை தறி நிறுத்தியிருந்தபோது திறந்தேன். பார்த்ததும் கஷ்டமாகிவிட்டது, ஒரு கைப்பிடி பஞ்சு வந்தது. கேமில் 94 டிகிரி வரை போன பிராசசர் இப்போது 71-ஐத் தாண்டவில்லை, இந்த 1600-க்கு 95-தான் எல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆஃப் ஆவதும் நின்றுவிட்டது.

ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருள் வைத்துப் பார்த்ததில் வாலரண்டில் கார்டு பாதிதான் வேலை செய்கிறது, கிராஃபிக்ஸைக் குறைத்தாலும் எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம்) கூடவில்லை. சைபர்பங்கில் கார்டு 98 சதவீதத்திலேயே நிற்கிறது. அப்படியென்றால் ஒன்றுக்குத் தடை பிராசசர், இன்னொன்றுக்கு கார்டு, சரியா?

அஞ்சுரோட்டுக்காரன்:

சரியாகப் பிடித்தீர்கள். தினமும் ஆடுவது வாலரண்ட் என்றால் 5600-உம் ஒரு எஸ்எஸ்டியும், மேட்டூர் அண்ணன் சொன்ன பவர் சப்ளையும் வாங்குங்கள். கார்டை இப்போது தொடாதீர்கள். பிறகு ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒன்று பார்க்கலாம், 132 வாட்தான், உங்கள் 1060-இன் 120 வாட்டை ஒட்டித்தான். போர்டில் கார்டு சொருகும் இடம் பழைய பிசிஐஇ 3 வகை என்பதால் அதன் முழு வேகம் வராது, ஆனால் 1080பி மானிட்டரில் அந்த வித்தியாசம் பெரிதில்லை.

பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸ் போட்டுவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள். புதியதை முதலில் மாட்டினால் பழைய பயாஸில் திரையே வராது. போர்டில் அச்சடித்திருக்கும் வெர்ஷனைப் பார்த்து, கம்பெனி தளத்தில் அதே வெர்ஷனுக்கு 5600 பட்டியலில் உள்ளதா என்று உறுதி செய்தபின் பணம் கொடுங்கள்.

காப்பித்தோட்டம்:

பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். இங்கே மலையில் இடி இடித்தாலே நான் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், யூபிஎஸ் இல்லையென்றால் யாரிடமாவது ஒரு நாளைக்கு வாங்குங்கள்.

தறிவீட்டுத்தம்பி:

சேலம் குகைப் பகுதியில் சித்தப்பா கடையில் யூபிஎஸ் இருக்கிறது, சனிக்கிழமை எடுத்து வருகிறேன். தங்கச்சியின் ஃபைல்களைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். போர்டு வெர்ஷனைப் படம் எடுத்துப் போடுகிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா.