புதுப்பிப்பு: மறந்துபோன வைஃபை கடவுச்சொல் கிடைத்துவிட்டது

புதிய தொலைக்காட்சியை இணைக்க வீட்டு வைஃபையின் கடவுச்சொல் நினைவில் இல்லை என்றும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டும் அழிந்துவிட்டது என்றும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். ரவுட்டரை ரீசெட் செய்யுமாறு பலர் கூறினீர்கள். ஆனால் இணைய நிறுவனத்தார் அதில் பதிந்துவைத்த பயனர் பெயர் முதலியவையும் சேர்ந்தே அழிந்துவிடும் என்பதால் அதில் கைவைக்கவில்லை.

வழி அம்மாவின் கைப்பேசியில் இருந்தது. அது ஏற்கெனவே அந்த வைஃபையில் இணைந்திருந்ததாலும், ஆண்ட்ராய்டு 10 முதல் இணைப்பைப் பகிரும் வசதி இருப்பதாலும், அமைப்புகளில் வைஃபையின் பெயரைத் தொட்டு, 'பகிர்' என்பதை அழுத்தி, அம்மாவின் விரல்ரேகையை வைத்ததும் கியூஆர் குறியீடு திரையில் தோன்றியது. சில கைப்பேசிகளில் அதன் கீழேயே கடவுச்சொல் எழுத்தில் தெரியும், இதில் தெரியவில்லை. ஆகவே குறியீட்டை என் கைப்பேசியின் ஸ்கேனர் செயலியால் படித்தேன். கிடைத்த வரியில் 'பி' என்ற ஆங்கில எழுத்துக்கும் முக்காற்புள்ளிக்கும் அடுத்து வருவதே கடவுச்சொல்.

அதைத் தொலைக்காட்சியில் இட்டபோது முதலில் ஏற்கவில்லை. என் கடவுச்சொல்லில் ஓர் அரைப்புள்ளி உண்டு (அன்று ஏன் அப்படி வைத்தேனோ!), கியூஆர் வரியில் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு (\) தானாகச் சேர்ந்திருந்தது. அதை நீக்கியதும் இணைந்துவிட்டது.

ஐஃபோன் வைத்திருப்போருக்கு இத்தனை சுற்று வேண்டாம். ஐஓஎஸ் 16 முதல் வைஃபை அமைப்புகளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.