பலாலியிலிருந்து சென்னைக்கு: தூரமும் பறப்பு நேரமும்

கோண்டாவிலிலிருந்து ஒருவர்:

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட வான்தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்புக்குத் தரைவழியே போகும் தூரம் இதைவிடக் கூட. அப்படியிருந்தும், யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியில் சேவை இல்லாத காலத்தில் நாங்கள் இரவுப் பேருந்தில் ஏறி, ஏ9 வீதியால் தெற்கே போய், கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் காத்திருந்து, அங்கிருந்து 650 கிலோமீற்றர் அளவு வடக்கே பறந்தோம். கட்டுநாயக்காவையும் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு கிட்டத்தட்ட யாழ்ப்பாண நகருக்கு மேலாகவே செல்கிறது. எங்கள் ஊரைக் கடந்து போவதற்காக ஓர் இரவு முழுவதும் எதிர்த்திசையில் பயணம் செய்திருக்கிறோம். முழங்கால் நோவோடு அம்மா அந்தப் பேருந்தில் காலை நீட்ட இடமின்றி இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுப்பதில்லை.

2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் வந்த பலாலி–சென்னைச் சேவையில் அம்மாவை அழைத்துச் சென்றேன். இரு பக்கமும் விசிறி சுழலும் ஏ.ரி.ஆர். 72 விமானம். சிறகு யன்னலுக்கு மேலே இருப்பதால் காங்கேசன்துறைக் கரையை அம்மா தடையின்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் செல்லும் விமானத்துக்கு 355 கிலோமீற்றர் முக்கால் மணித்தியாலம்தானே, பயணச்சீட்டில் ஏன் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் போட்டிருக்கிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். சீட்டிலுள்ள நேரம், விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் தரித்து நிற்பது வரையானது. ஓடுபாதைக்குப் போவதும், மெதுவாக மேலேறுவதும், சென்னையில் இறங்குவதற்கு முறை காத்திருப்பதும் அதற்குள் அடங்கும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரு நாடுகளின் கடிகாரமும் ஒன்றாக இருப்பதால் சீட்டிலுள்ள இரண்டு நேரங்களையும் நேரே கழித்துப் பார்க்கலாம். 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்ததால் அன்றைக்கு இந்தக் கணக்குப் பிழைத்துவிடும். திருச்சி இன்னும் கிட்ட, 185 கிலோமீற்றர் அளவுதான். 2025 மார்ச்சில் பலாலியிலிருந்து அங்கும் நேரடிச் சேவை தொடங்கியது. தஞ்சாவூர், மதுரைப் பக்கம் போகிறவர்கள் சென்னையில் இறங்கி மறுபடி தெற்கே வரத் தேவையில்லை.

தெல்லிப்பழையிலிருந்து:

தம்பிமாரே, இந்த வழி புதியதன்று. 1947 டிசெம்பரில் அன்றைய இலங்கை விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் விமானமே கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. எங்கள் ஐயா அந்த டக்கோட்டா விமானங்களைப் பற்றிச் சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, பலாலியில் மறுபடி வெளிநாட்டு விமானம் இறங்கியதைக் கண்டபோது கண் கலங்கியது.

முதியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஏ.ரி.ஆர். விமானத்தில் பயணிகள் ஏறும் வாசல் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே பின்வரிசை இருக்கைகளைக் கேட்டு எடுங்கள். ஒடுங்கிய நடைபாதையில் அவர்கள் அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. படியேற முடியாதவர் என்றால் சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டுமென்று பதிந்துவிடுங்கள்.